கும்பிடுபூச்சி தங்கும் பந்தல்: அதலை, சிறகவரை, மூக்குத்தி அவரை வளர்ப்பது எப்படி?

கும்பிடுபூச்சியைக் காசு கொடுத்து வாங்கித் தோட்டத்தில் விடலாமா என்று மதினி மகன் கேட்டான். மதுரையில் அதற்குத் தேவையே இல்லை. ஐப்பசி மழை நன்றாக இறங்கி, பந்தலில் கொடி மூடிவிட்டால் அது தானாக வந்து சேரும். வந்ததை விரட்டாமல் இருப்பதுதான் நம் வேலை. விரட்டாமல் இருக்க மருந்தை நிறுத்த வேண்டும். மருந்தை நிறுத்த வேண்டுமானால் மருந்து கேட்காத காய்களாகப் பார்த்துப் போட வேண்டும். கத்தரி, தக்காளி, காலிபிளவர் என்று சந்தையில் மலிந்து கிடப்பதையே வீட்டிலும் போட்டு, வாரத்துக்கு ஒரு கரைசல் தெளித்து, "எங்க தோட்டத்துல ஒரு பூச்சி கிடையாதாக்கும்" என்று சொல்லிக்கொள்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்கள் வழி வேறு.

நான் பிறந்தது கல்லுப்பட்டிப் பக்கம், சுத்தமான கரிசல் காடு. வாக்கப்பட்டு வந்தது நாகமலைப் புதுக்கோட்டைக்கு. வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம், ஒரு வேப்பமரம், மூங்கிலும் கட்டுக்கம்பியும் போட்ட பந்தல், மொட்டை மாடியில் கொஞ்சம் குரோ பேக். இதில் என்னென்ன வருகிறது, எதை எப்போது போட வேண்டும், பூச்சியை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அதலை

அதலைக்காய் மதுரை, விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் தானாக முளைக்கிற கொடி. பாகல் குடும்பம். காய் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, மேலே வரி வரியாக மேடு ஓடும், கசப்பு உண்டு. யாரும் விதைப்பதில்லை. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவில் களையாகக் கிடப்பதைப் பறித்துக்கொண்டு வந்துதான் விற்பார்கள். ஐப்பசியில் ஆரம்பித்துத் தை வரைக்கும் கிடைக்கும். 1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது நம் மதுரை அண்ணா நகரில்தான். அங்கே கார்த்திகை மாதக் காலையில் போனால் கீரைக்காரம்மாக்கள் சாக்கு விரிப்பில் குவித்து வைத்திருப்பார்கள்.

வீட்டில் இதை வளர்க்க விதையை நம்ப வேண்டாம், கிழங்கு வாங்குங்கள். அதலைக்கு மண்ணுக்கடியில் ஒரு கிழங்கு உண்டு. கொடி பட்டுப்போன பிறகும் கிழங்கு கோடை முழுக்கத் தூங்கும், அடுத்த மழைக்கு எழுந்துகொள்ளும். கரிசல் காட்டுச் சொந்தக்காரர் யாரையாவது பிடித்தால் மாசி பங்குனி உழவில் புரண்டு வருவதை எடுத்துத் தருவார். அவருக்கு அது களை, மகிழ்ச்சியாகவே தருவார்.

எங்கள் வீட்டு மண் செம்மண். அதனால் கண்மாயில் எடுத்த கரம்பை மண் இரண்டு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து, முக்கால் அடி ஆழத்துக்கு ஒரு பாத்தியை நிரப்பினேன். கிழங்கை மூன்று விரல் ஆழத்தில் புதைத்தால் போதும். குரோ பேக்கில் வைப்பதென்றால் தேங்காய் நார்க்கழிவு சேர்க்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் அந்தப் பாத்திக்குச் சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது. இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். பக்கத்துச் செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் அங்கே ஓடிப் போகாமல் ஒரு செங்கல் வரிசை வைத்துத் தடுத்துவிடுங்கள்.

மழை விழுந்ததும் நூல் மாதிரிக் கொடி வரும். பந்தல் வேண்டாம், தரையில் ஓடட்டும். நான் காய்ந்த கருவேல முள்ளை ரெண்டு மூன்று போட்டுவிடுவேன். அதைப் பிடித்துக்கொண்டு ஏறும், பூனையும் பாத்தியில் வந்து படுக்காது. காய்க்கத் தொடங்கினால் தினமும் பறிக்க வேண்டும். பறித்த காய் தாங்காது. மறுநாள், அதற்கடுத்த நாள் தானாகவே வெடித்து விதையைத் துப்பிவிடும். அதனால்தான் இது பெரிய கடைகளுக்கு வருவதே இல்லை.

சமைக்கும்போது கத்தி வேண்டாம். காம்பையும் வால் நுனியையும் கிள்ளி எறிந்துவிட்டு முழுசாகவே போடுங்கள். நறுக்கினால் விதை வெளியே வந்துவிடும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், வரமிளகாய், பூண்டு தட்டிப்போட்டு, தீயைக் குறைத்துச் சுருள வதக்கி, கடைசியில் உப்பும் கொஞ்சம் தேங்காய்த் துருவலும். கம்மங்கஞ்சிக்கு இதைத் தொட்டுக்கொண்டால் வேறெதுவும் கேட்காது. புளிக்குழம்பிலும் போடலாம். ஆனால் குழம்பில் போட்டால் கசப்பு குழம்புக்குப் போய்விடுகிறது என்பது என் கட்சி. வீட்டுக்காரர் எதிர்க்கட்சி.

பந்தலுக்கு: சிறகவரை, மூக்குத்தி அவரை

சிறகவரை நாலு பக்கமும் இறக்கை வைத்த அவரை. இலை, பூ, பிஞ்சுக்காய், விதை, கிழங்கு எல்லாமே தின்னலாம். இவ்வளவு நல்ல கொடியைப் பற்றி எல்லோரும் சொல்கிற குறை, "கொடி மாடி ஏறிப் போச்சு, ஒரு பூகூட வரலை" என்பது. காரணம் உரமும் இல்லை, கண்திருஷ்டியும் இல்லை. பகல் குறைந்தால்தான் இது பூக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் கீழே பகல் இறங்க வேண்டும். மதுரையில் ஆனி மாதப் பகல் 12 மணி 40 நிமிடம் வாக்கில் இருக்கும். மார்கழியில் 11 மணி 30 நிமிடம் வாக்கில் வந்து நிற்கும். புரட்டாசி பிறந்த பிறகுதான் பகலை இரவு முந்துகிறது. ஆகவே தையில் விதைத்தால் கோடை முழுக்க இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆடியில் விதைத்தால் கொடி வளர்ந்து முடிகிற நேரமும் பகல் குறைகிற நேரமும் ஒத்துப்போய், ஐப்பசி கார்த்திகையில் வெளிர்நீலப் பூவாகத் தொங்கும். தெருவிளக்கு வெளிச்சம் நேராக விழுகிற மூலையில் மட்டும் போடாதீர்கள். இரவு இருட்டாக இருந்தால்தான் கொடிக்குக் கணக்குத் தப்பாமல் இருக்கும்.

விதைத் தோல் கெட்டி. கண் இருக்கிற பக்கத்தை விட்டு, மறுபக்கம் சொரசொரப்பான தரையில் ஒரு இழுப்பு இழுத்து, ராத்திரி தண்ணீரில் போடுங்கள். காலையில் உப்பியதை மட்டும் ஊன்றலாம். காய் ஒரு சாண் நீளம் வருமுன்னே பறித்துவிட வேண்டும். இறக்கையை மடக்கினால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் நார் விழுந்துவிட்டது. அதை விதைக்கு விட்டுவிடுங்கள்.

மூக்குத்தி அவரை என்று பெயர்தான் அவரை. அவரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கொடி வகையைச் சேர்ந்தது. நாம் தின்பதும் காயில்லை, உப்பின பூக்காம்பு. ஊதாப் பூ சாயங்காலம் விரிந்து, மறுநாள் காலையில் சுருங்கிவிடும். பூ விரியுமுன்போ, உதிர்ந்த கையோடோ காம்பைக் கிள்ள வேண்டும். உள்ளே விதை கெட்டிப்பட்டால் தின்ன லாயக்கில்லை. விதையைத் தின்றால் வயிற்றால் போகும் என்பதால் முற்றினதைக் குழந்தைகள் கையில் படாமல் எடுத்து வைக்க வேண்டும். ஒரு கொடி ஒரு பந்தலை மூடிவிடும், இரண்டாவது விதையை ஊன்றாதீர்கள். கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

இந்த ரெண்டு கொடிக்கும் இதுவரை நான் எதுவும் தெளிக்க வேண்டி வரவில்லை. இளந்தளிரில் அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் குட்டிப்பூச்சி கொஞ்சம் ஒட்டும். குழாயில் விரலை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழுபாகலில் ஆண்கொடி தனி, பெண்கொடி தனி. ஒரே ஒரு கொடியை வைத்துக்கொண்டு காய்க்கவில்லை என்று வருத்தப்படக் கூடாது. நாலைந்து பெண்ணுக்கு ஒரு ஆண் கொடியாவது வேண்டும். பூவுக்குப் பின்னால் முள்முள்ளாகக் குட்டிக்காய் ஒட்டியிருந்தால் பெண். வாளவரையைப் பிஞ்சில் மட்டும் சமையுங்கள். முற்றின விதையில் நஞ்சு உண்டு. யானைத்தந்த வெண்டை கைநீளம் வளர்ந்தாலும் நார் விழாது, மாடிக்கு நல்லது. ஆனால் வெள்ளை ஈ வந்தால் வெண்டைக்கு இலை நரம்பு மஞ்சளாகிவிடலாம். அந்தச் செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

இனி பூச்சி

கல்லுப்பட்டியில் நாங்கள் பெருமாள் பூச்சி என்போம். கையில் பிடித்து வைத்துக்கொண்டு "கும்பிடு, கும்பிடு" என்று கத்துவோம். அது கும்பிடவில்லை, கொலைக்குக் கையை மடக்கி வைத்திருக்கிறது. முன்னங்கால் ரெண்டிலும் உள்பக்கம் ரம்பம் மாதிரி முள். கடிக்கிற விஷம் எதுவும் கிடையாது. பெரிய பெட்டையை அழுத்திப் பிடித்தால் முள்ளால் இறுக்கும், அவ்வளவுதான்.

எங்கள் பந்தலில் அதிகம் வருவது கைவிரல் நீளப் பச்சை வகை. இறக்கை ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். வேப்பமரப் பட்டையில் அதே நிறத்தில் தட்டையாக ஒரு சின்ன வகை உண்டு. நின்றால் தெரியாது, கிடுகிடுவென்று ஓடும்போதுதான் தெரியும். நாகமலை அடிவாரப் புதரில் காய்ந்த சருகு மாதிரி, கழுத்து நீண்டு, கால்களில் இலை ஒட்டின மாதிரி ஒன்று எப்போதாவது கண்ணில் படும். அதை வயலின் பூச்சி என்பார்கள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது. அது வீட்டுக்கு வந்தால் பாக்கியம்.

மூக்குத்தி அவரையில் பூ விரிகிற நேரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். போன கார்த்திகையில் ஒரு பெட்டை பூவுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். காற்றுக்குக் கொடி ஆடினால் அவளும் கூடவே ஆடுவாள். ஒரு அந்துப்பூச்சி தேனுக்கு வந்தது. கை போனதை நான் பார்க்கவில்லை, அந்து கையில் இருந்ததைத்தான் பார்த்தேன். கழுத்திலிருந்து தொடங்கி நிதானமாகத் தின்றாள், இறக்கை நாலும் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. முடித்ததும் முன்னங்காலில் இருக்கிற ஒவ்வொரு முள்ளையும் வாயில் விட்டு வழித்துச் சுத்தம் செய்தாள். பிறகு அந்தக் காலாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலையை எந்தப் பக்கம் நாம் நகர்த்தினாலும் அவள் கண்ணில் இருக்கிற கரும்புள்ளி நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். அது நிஜமான பாவை இல்லை, கூட்டுக்கண்ணின் அமைப்பால் அப்படித் தெரிகிறது. இருட்டிய பிறகு டார்ச் அடித்தால் பச்சைக் கண் முழுக்கக் கருப்பாகிக் கிடக்கும். செத்துவிட்டது, நோய் பிடித்துவிட்டது என்று பயப்படாதீர்கள். விடிந்தால் பச்சையாகிவிடும்.

இப்போது ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். கும்பிடுபூச்சி விவசாயியின் நண்பன் என்று சொல்வது பாதிதான் சரி. அது நல்ல பூச்சி கெட்ட பூச்சி பார்க்காது. வெட்டுக்கிளியைத் தின்னும், அந்துப்பூச்சியைத் தின்னும், கரப்பானைத் தின்னும். அதே வாயால் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் தின்னும். தன் இனத்தையே தின்னும். வளர்ந்த பூச்சி அசுவினியை ஏறெடுத்தும் பார்க்காது, அது அதற்குப் பருக்கை அளவுகூட இல்லை. மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, செஞ்சிலந்தி, காய்க்குள்ளே இருக்கிற புழு எதற்கும் அதை நம்ப வேண்டாம். அசுவினிக்குப் பொறிவண்டுதான் ஆள். பாகலில் குத்துகிற பழ ஈக்குப் பிஞ்சிலேயே காகிதப் பை கட்டுவதுதான் வேலைக்காகும். இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதானால் உரக்கடையில் பாகல் வகைக்கு என்று கேட்டு வாங்குங்கள். மாந்தோப்புக்கு விற்கிற மருந்தில் பாகல் ஈ விழாது.

அப்புறம் எதற்கு அதைக் காப்பாற்ற வேண்டும்? ஓரளவு வெட்டுக்கிளியைக் குறைக்கிறது என்பது ஒன்று. அதைவிட, அது தங்கியிருந்தால் அதற்குத் தினமும் தீனி கிடைக்கிறது என்று பொருள். தீனி இருந்தால் பொறிவண்டுக்கும் குளவிக்கும் தேன்சிட்டுக்கும்கூட வேலை இருக்கிறது. எனக்கு வேறு சோதனை தேவைப்படுவதில்லை.

சிறகவரைப் பூவுக்கு வருகிற கருவண்டையும் தேனீயையும் பெட்டை ஒன்று காவல் காத்துத் தின்றுகொண்டிருந்தால் அவளை இடம் மாற்றிவிடலாம். மேலிருந்து பிடிக்காதீர்கள். முன்னால் ஒரு குச்சியைச் சாய்வாக வைத்து, பின்னால் விரலால் லேசாகத் தொட்டால் குச்சி மேல் ஏறிக்கொள்வாள். மேல்நோக்கி ஏறுவது அவள் வழக்கம். வெண்டைப் பாத்திப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஆனால் தலைகீழாக அசையாமல் தொங்கி, முதுகுத் தோல் விட்டிருந்தால் அது சட்டை உரிக்கிற நேரம். அப்போது தொட்டால் கீழே விழுந்து கால் கோணிப்போகும்.

முட்டைக்கூடு

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மழைக்காலம் முடிகிற சமயம் பந்தல் மூங்கிலிலும் முருங்கைக் கிளையிலும் சன்ஷேடுக்கு அடியிலும் பழுப்பு நிறத்தில், காய்ந்த நுரைக் கட்டி ஒன்று ஒட்டியிருக்கும். சிலந்திக்கூடு என்றும் குளவி மண் என்றும் நினைத்து விளக்குமாற்றால் தட்டிவிடுகிறார்கள். உள்ளே நூறு குஞ்சுக்கு மேலேகூட இருக்கும்.

கூடு நல்லதா கெட்டதா என்று பார்க்க ஒரு வழி. பக்கவாட்டில் ஊசி குத்தின மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டை நிறைய இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது. அதையும் எறிய வேண்டாம், அதுவும் தோட்டத்து ஆள்தான். நடுவில் ஓடுகிற பட்டை வழியாகத்தான் கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் வெளியே வரும்.

பழைய பந்தலைப் பிரிக்கிற மாசி, பங்குனியில் ஒவ்வொரு மூங்கிலையும் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்புக்கு அனுப்புங்கள். கூடு இருந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்து, முன்பு இருந்த வாக்கிலேயே, மதிய வெயில் படாத இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டுக்கம்பியில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் கிரீஸும் தடவினால் எறும்பு ஏறாது. எறும்பு ஏறினால் பொரிக்கிற நாளில் ஒரு குஞ்சு மிஞ்சாது. கூட்டின் மேல் மட்டும் எதுவும் படக் கூடாது. நம் வெக்கைக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பொரிக்கும். காலை நேரத்தில் நூலில் தொங்குகிற மாதிரிக் கொத்தாக இறங்கி, முதல் சட்டையை உரித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடும். போகாதது பக்கத்தில் இருக்கிறதைத் தின்னும். கொசு அளவுதான் இருக்கும். இந்த வயதில்தான் அசுவினியைத் தின்கிறது. பெரிதாகித் தப்பிக்கிறது கொஞ்சம்தான். மீதியை ஓணானும் பல்லியும் செம்போத்தும் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஒரு மாதம் வேப்பெண்ணெய்க் கரைசலை எல்லாச் செடிக்கும் சேர்த்து அடிக்காதீர்கள். இயற்கைதானே என்பார்கள். வேம்பு வேலை செய்கிற வழியே குஞ்சுப் பூச்சியின் சட்டை உரிப்பைக் கெடுப்பதுதான், அதற்கு ஆள் தெரியாது. அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கரைய ஒரு துளி காதி சோப்பு. நோய் கண்ட இலையின் அடியில் மட்டும், வெயில் தாழ்ந்த பிறகு. மஞ்சள் ஒட்டும் அட்டையையும் அந்த மாதம் கழற்றி வையுங்கள். கொல்லைப்புற விளக்கை ராத்திரி முழுக்க எரியவிடாதீர்கள். இறக்கை முளைத்த ஆண் பூச்சி வெளிச்சத்துக்கு வரும், சுவரில் பல்லி காத்திருக்கும்.

அதலைக் கிழங்கை மட்டும் புரட்டாசிக்குள் வாங்கி ஊன்றிவிடுங்கள். மழை விழுந்து கொடி ஓடிய பிறகு பெயர்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. அப்போதைக்குச் சந்தையில் காய் வாங்கி வதக்கிக்கொள்ளலாம்.